மாற்று ஆள்

ஒரு தண்ணீர்க் குழாய்க்கென்று தனியாக நோட்டுப்புத்தகம் போட்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் அவர் கீழே, நாங்கள் மாடியில்.

கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. மாடியில் முன்பக்கம் வீட்டுக்கார வங்காளி அம்மாள், எல்லோருக்கும் மாசிமா; பின்பக்கம் நானும் அம்மாவும். கீழே முற்றத்தைச் சுற்றி ஐந்து குடித்தனம். அதில் ஒற்றை அறை அவருடையது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கம். ஹவுராவில் ஒரு இரும்புப் பட்டறை கேட்டில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதும் டைம்கீப்பர் வேலை. மாசிமா அவரை ஃபௌஜி பாபு என்பாள். எங்களுக்கு ஹவில்தார் சார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, “தோணலைம்மா” என்று சொல்லிவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போடப் போய்விட்டார்.

கார்ப்பரேஷன் தண்ணீர் காலையில் ஒன்றரை மணி நேரம் வரும். ஏழு குடித்தனத்துக்கு ஒரு குழாய். நடக்கிற சண்டையைக் கேட்கவேண்டுமே! தமிழும் வங்காளியும் ஹிந்தியும் கலந்து, பக்கெட்டோடு பக்கெட் இடித்துக்கொண்டு, தெருவே வேடிக்கை பார்க்கும். அவர் குடிவந்த இரண்டாம் மாதம் குழாய்க்கு மேலே ஒரு ஆணி அடித்து, நூலில் பென்சில் கட்டிய ஒரு நோட்டை மாட்டினார். சட்டம் ஒன்றும் போடவில்லை. யார், எத்தனை மணிக்கு, எத்தனை பக்கெட் என்று தினமும் நின்று எழுதினார், அவ்வளவுதான். “நேத்து நீ ஆறு பக்கெட் பிடிச்சே” என்று யாராவது ஆரம்பித்தால், நோட்டைப் பிரித்துக் காட்டுவார். ஒரு மாதத்தில் சண்டை அடங்கிவிட்டது. பொய் சொல்லமுடியாத இடத்தில் சண்டை போட்டு என்ன ருசி?

“ஃபௌஜி பாபு, இது வீடா, கன்டோன்மெண்டா?” என்று மாசிமா மாடியிலிருந்து கேட்பாள்.

“வீடுதான் மாசிமா. எழுதி வெச்சா வீடாவே இருக்கும்” என்பார் அவர், வங்காளியும் ஹிந்தியுமாக.

ஒருநாள் நோட்டில் இப்படி ஒரு வரி இருந்தது: முறை தவறி எடுத்தது, ஒரு பக்கெட், நான். கீழே அவர் கையெழுத்து. யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்திருக்கிறார். அதைத் தானே எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு ஆபீசில் எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

கரண்ட் போனால் அதற்கும் குறிப்பு உண்டு. போன நேரம், வந்த நேரம். அந்தக் காலத்துக் கல்கத்தாவில் அது ஒரு முழுநேர உத்தியோகம். “யார்கிட்ட சார் காட்டப் போறீங்க?” என்று கேட்டேன். “யாரும் கேக்க மாட்டாங்கம்மா. கேட்டா இருக்கணும்” என்றார். அவருக்கு வழக்கமான பேச்சு ஒன்று உண்டு. “நடந்தது அன்னியோட போச்சு. எழுதினதுதான் இருக்கும்.” இதைச் சொல்லும்போது குரலில் பெருமை இருக்காது. ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல் சொல்வார். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது.

கோபத்துக்குக் காரணம் ரேஷன் கார்டு. என் தங்கை மதராஸில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரையும் எங்கள் கார்டில் சேர்த்துவிட்டால் கொஞ்சம் சர்க்கரை கூடுதலாகக் கிடைக்கும். ஊரே செய்கிற காரியம். அவள் இங்கேதான் இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் யாராவது மதிப்பானவர் கையெழுத்துப் போடவேண்டும். மிலிட்டரிக்காரர் கையெழுத்து என்றால் ஆபீசில் மறுபேச்சு இருக்காது. நான் தாளை நீட்டினேன். அவர் வாங்கி முழுக்கப் படித்தார்.

“தங்கச்சி இங்க இல்லியேம்மா.”

“லீவுக்கு வருவாளே சார்.”

“வரும்போது சொல்லுங்க, போட்டுத் தரேன்.”

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. இந்த யோக்கியரைப் பார், ஒரு கிலோ சர்க்கரையில் தேசமா கவிழ்ந்துவிடும் என்று அம்மாவிடம் பொருமித் தீர்த்தேன். அம்மா, “அந்த மனுஷன் குணம் தெரிஞ்சும் போய்க் கேட்டியே, உன்னைச் சொல்லணும்” என்றாள்.

குடியரசு தினத்துக்குத் தெருக் கிளப் பையன்கள் அவரைக் கொடி ஏற்றக் கூப்பிடுவார்கள். தேய்த்த கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வருவார். ஒரு வருஷம் கிளப் செயலாளர் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்துவிட்டான். சண்டையில் காட்டிய துணிச்சலுக்காக அறிக்கையில் பெயர் குறிப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. அதற்கு ரிப்பன்மேல் குத்திக்கொள்ள ஒரு சின்ன வெண்கல இலை கொடுப்பார்களாம். “காக்கா, இலை எங்கே?” என்று மைக்கிலேயே கேட்டான் அவன். வங்காளியில் காக்கா என்றால் சித்தப்பா. “அது என்னுது இல்ல” என்றார் இவர். ஆஹா, என்ன அடக்கம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதே வருஷம்தான் ஒரு மனுவை டைப் அடிக்க என்னிடம் கொண்டுவந்தார். ஆபீஸ் ஏலத்தில் எடுத்த பழைய டைப்ரைட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. டல்ஹௌசியில் ஒரு கம்பெனியில் வாரம் ஆறு நாள் அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தெருவுக்கெல்லாம் அடித்துக் கொடுப்பது என் தலையெழுத்து. ஹவில்தார் சார் இரண்டு தாளில் பெரிய எழுத்து இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார்.

“ரெக்கார்ட் ஆபீசுக்கும்மா. என் சர்வீஸ் ரெக்கார்டுல அவார்டு விஷயமா ஒரு தப்பு இருக்கு. திருத்தச் சொல்லிக் கேக்கணும்.”

அவார்டு என்று காதில் விழுந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு பதக்கம் கேட்கிறார். இவருடைய அடக்கம் இவ்வளவுதானா?

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. கண் படிக்கும், விரல் அடிக்கும், மனசு எங்கேயோ காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க அடித்த கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்போம். தப்பில்லாமல் அடித்திருப்போம், ஆனால் படித்திருக்க மாட்டோம். அப்படித்தான் அந்த மனுவையும் அடித்தேன். கார்பன் பிரதி எடுத்து ஃபைலில் வைத்தேன். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் அவார்டு முறையாகப் பதிவாகியிருக்கிறது, மேற்கொண்டு அவார்டு கோரும் மனுவை ஏற்பதற்கில்லை.

அவர் அதை மூன்று முறை படித்தார். “இவங்க படிக்கலம்மா” என்றார். மறுபடி எழுதிக்கொண்டு வந்தார். மறுபடி அடித்தேன். மறுபடி அதே பதில். நம்பரும் தேதியும் மட்டும் வேறு.

மூன்றாவது முறை அவர் தாளோடு வந்து நின்றபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. “இருக்கற பதக்கம் போதாதா சார்? இன்னும் எத்தனை வேணும் உங்களுக்கு?”

அவர் கோபப்படவில்லை. “வேணும்னு கேக்கலம்மா. திருப்பி எடுத்துக்குங்கன்னு கேக்கறேன். நீங்களும் படிக்கலியா?”

சுருக்கென்றது. ஃபைலை எடுத்து, நான் இரண்டு முறை அடித்ததை முதல் முறையாகப் படித்தேன். அந்த இடத்தில் அந்த நேரத்தில் நான் இருக்கவில்லை, எனக்குக் கொடுத்த கௌரவம் என் நண்பனுக்குச் சேரவேண்டியது, அவன் ஓடிப்போனவன் என்று எழுதியிருப்பது பொய் என்று இருந்தது. ஆறாவது பத்தியில், “மேற்கூறியவாறு” “மேற்படி” எல்லாம் தாண்டி, இருந்தது. தன்னைத் தானே காட்டிக்கொடுத்து ஒருவன் மனுப் போடுவான் என்று ஆபீசிலும் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அப்போதுகூட என் வாய் சும்மா இருக்கவில்லை. “ஓஹோ! ஒரு கிலோ சர்க்கரைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னீங்களே சார். இத்தனை வருஷம் இதை வெச்சுக்கிட்டா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

“அதனாலதாம்மா” என்றார் அவர். பிறகு முதல் முறையாக என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சீனாக்காரன் சண்டை நடந்தபோது மலையில் ஒரு பங்கர். அதில் ஒரு டெலிபோன். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து, மேலே ஏதாவது நடமாட்டம் தெரிந்தால் கீழே இருக்கும் ஆபீசருக்குச் சொல்லவேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் அந்த டூட்டி இவருக்கு. சற்றுக் கீழே ரேஷன் ஸ்டோர் காவல், இவருடைய ஊர்க்காரன் ஒருவனுக்கு. ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள்.

“கை விறைச்சுப் போச்சும்மா. ஸ்டோர்ல ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்துச்சு. நீ கொஞ்சம் மேல இருடா, நான் அரை மணி சூடு காஞ்சுட்டு வந்துடறேன்னேன். சரின்னு ஏறிப் போயிட்டான். சாப்பிடக்கூட இல்ல அவன். எங்களுக்குள்ள இது வழக்கம். ஊர்ப் பசங்க மாத்திக்குவோம். மேல சொல்ல மாட்டோம். டூட்டி எழுதற ரோஸ்டர்லயும் இருக்காது.”

“அப்புறம்?”

“அரை மணி ஆச்சு. எழுந்துக்க மனசு வரல. ஒரு மணி ஆச்சு. ஒன்றரை மணி ஆச்சு. குளிரும்மா. வேற ஒரு காரணமும் இல்ல. அப்பதான் சுட ஆரம்பிச்சான். எல்லாரும் கீழ ஓடினாங்க. நானும் ஓடினேன்.”

பங்கரில் இருந்தவன் ஓடவில்லை. லைன் அறுகிறவரைக்கும் டெலிபோனில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அதனால் கீழே இருந்த இரண்டு பிளாட்டூன் உயிரோடு இறங்கியது. பிறகு அங்கே பங்கரே இல்லை, உடம்பும் கிடைக்கவில்லை. ரோஸ்டரில் பங்கருக்கு நேரே இருந்தது இவர் பெயர். ஆஸ்பத்திரியில், காலில் குண்டு பட்டுக் கிடந்த அந்த ஆபீசர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, டெலிபோனில் இருந்தது நீதானே, எப்படியடா பிழைத்து வந்தாய் என்று கேட்டார்.

“எஸ் சார்னேன். இல்லைன்னா கோர்ட் மார்ஷல். பயந்துட்டேன். அந்த ரெண்டு வார்த்தைக்கு இலை குடுத்தாங்க. அவன் ஸ்டோர் டூட்டில இல்ல, அப்புறமும் வரல. அவன் பேருக்கு நேரா ஓடிப்போனவன்னு எழுதிட்டாங்க.”

குளிர்காலத்தில் மாசிமா முற்றத்தில் கரி அடுப்பு மூட்டுவாள். வீடே சுற்றி உட்கார்ந்து கையை நீட்டும். அவர் மட்டும் வந்ததில்லை. பெண்கள் இருக்கிற இடமென்று கூச்சப்படுகிறார் என நினைத்திருந்தோம்.

நண்பனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மிலிட்டரி போலீஸ் இரண்டு முறை அவன் வீட்டுக்கு வந்து, நெல் குதிருக்குள் கம்பை விட்டுக் குத்திப் பார்த்தது. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று ஊர் பேசிய பேச்சில் அந்தப் பெண்ணால் அங்கே இருக்க முடியவில்லை. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்த அண்ணனிடம் வந்துவிட்டாள். இவர் ஓய்வு பெற்றதும் ஹவுராவில் வேலை தேடி வந்ததே அவளுக்காகத்தான். உண்மையைச் சொல்ல இரண்டு முறை போயிருக்கிறார். சொல்லாமல் திரும்பியிருக்கிறார். இரண்டாம் முறை அவள் சொன்னாளாம்: “உங்க சிநேகிதனை எங்கயாவது பாத்தா சொல்லுங்க. இந்த வாசப்படி மிதிச்சா செருப்பாலதான் அடிப்பேன்னு.”

“அன்னிக்குத்தாம்மா மனு எழுத உக்காந்தேன்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. யார்மேல் ஆத்திரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவருடைய தாளை மடித்து வைத்துவிட்டுப் புதுத் தாள் போட்டேன். மேற்கூறியவாறு கிடையாது, மேற்படி கிடையாது. முதல் வரியே: நான் என் இடத்தில் இல்லை, என் நண்பன் இருந்தான். என் உத்தியோகத்தில் நான் சொந்தமாக எழுதிய ஒரே வாக்கியம் அதுதான்.

இந்த முறை படித்தார்கள். கூப்பிட்டு விசாரித்தார்கள். இது உங்களுக்கே வினையாக முடியலாம் என்று எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. பாராட்டு ரத்து, இலையைத் திருப்பி அனுப்பவும். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். ஆனால் நண்பன் விஷயத்தில் அவர்கள் அசையவில்லை. ஒருவர் வாக்குமூலம் மட்டும் இருக்கிறது, அவரும் முன்பு பொய் சொன்னதாகத் தாமே ஒப்புக்கொள்கிறார், வேறு சாட்சி வேண்டும்.

“பொய் சொன்னவன் பேச்சை எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்க. சரியான கேள்விதானே?” என்றார் என்னிடம். எனக்குத்தான் ஆறவில்லை. வேண்டாததை உடனே செய்தார்கள், வேண்டியதை விட்டுவிட்டார்கள்.

சாட்சி என்று பார்த்தால் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. டெலிபோனின் மறுமுனையில் இருந்த ஆபீசர். அலைந்து விசாரித்ததில் அவர் ஓய்வு பெற்று சால்ட் லேக்கில் வீடு கட்டியிருப்பது தெரிந்தது. வாக்குமூலம் கொடுத்தால் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்போது சால்ட் லேக்கில் மணலும் நாணலும்தான். பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நடந்தோம்.

ஆபீசர் வங்காளி, நல்ல உயரம், ஒரு கால் சற்று இழுக்கும். இவரைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார். உள்ளே பார்த்து, என் உயிரைக் காப்பாற்றியவன் வந்திருக்கிறான் என்று மனைவியைக் கூப்பிட்டார். ஹவில்தார் சார் அட்டென்ஷனில் நின்று, ஹிந்தியில், எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் தட்டில் சந்தேஷ் இனிப்பு வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஆபீசர் நம்பவில்லை. வயதாகிவிட்டது, மனசு குழம்பியிருக்கிறது, செத்துப்போன நண்பனுக்காகக் கதை கட்டுகிறான் என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

“லைன் அறுவதற்கு முன்னால் டெலிபோனில் என்னிடம் கடைசியாக ஒன்று சொன்னாய். அதை நான் எந்த ரிப்போர்ட்டிலும் எழுதவில்லை. எனக்கும் பேசினவனுக்கும்தான் தெரியும். அது என்ன?”

“தெரியாது சார்.”

“யோசித்துச் சொல்.”

“தெரியாது சார். நான் ஸ்டவ் பக்கத்துல இருந்தேன்.”

 ஆபீசர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். தெரியாது என்ற சொல்லே சாட்சியாகிவிட்டது.

“நீயும் இறங்கி வந்துவிடு என்று நான் உத்தரவு போட்டேன்” என்றார் அவர். “அதற்கு அவன் சொன்னான்: மாற்று ஆள் இன்னும் வரவில்லை சார், வந்துவிடுவான், வந்ததும் இறங்குகிறேன்.”

ஹவில்தார் சார் நின்ற இடத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஆபீசர் சொல்லச் சொல்ல வாக்குமூலத்தை எடுத்தேன், அடித்துக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன்.  அன்றைக்குச் சாயங்காலம் கரண்ட் போயிற்று. அவர் நேரம் குறிக்கவில்லை.

குளிர்காலம் முடிந்து கடிதம் வந்தது. ஓடிப்போனவன் என்ற பதிவு நீக்கப்பட்டது, கடமையில் இருந்தபோது உயிர் நீத்தவர் என்று திருத்தப்பட்டது. நான் மாடிப்படியிலேயே கத்தினேன். அம்மா ஓடிவந்தாள். மாசிமா வங்காளி வழக்கப்படி மங்களச் சங்கு ஊதிவிட்டாள். அவர் மட்டும் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

“சாந்த்ராகாச்சிக்கு என்கூட வரீங்களாம்மா? இதைக் கொண்டுபோய்க் குடுத்தா அந்தம்மா பொட்டு போயிடும். பொம்பளைங்க ஒருத்தர் கூட இருந்தா நல்லது.”

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அவள் திட்டிக்கொண்டிருந்தாலும், எங்கேயோ இருக்கிறான் என்றுதானே திட்டிக்கொண்டிருந்தாள்!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஹவுராவில் லோக்கல் பிடித்தோம். வழியில் நான் சொன்னேன்: “சார், மத்ததெல்லாம் சொல்லுங்க. அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் விட்டுடுங்க. அது கடிதத்துலகூட இல்ல. யாருக்கும் தெரியப் போறதில்ல.”

“இருந்ததை விட்டுட்டுச் சொன்னா அதுவும் பொய்தாம்மா” என்றார்.

ரயில்வே குவார்ட்டர்ஸ். அந்த அம்மாள் காலையில் யார்டு ஆட்களுக்கு இட்லி விற்று முடித்து, வாசலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் காலணா அளவு பொட்டு, காலில் மெட்டி. வாங்க என்றாள். உள்ளே அண்ணி மட்டும் இருந்தாள்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பங்கர், ஸ்டவ், அரை மணி, ஒன்றரை மணி, எஸ் சார். ஒன்றையும் குறைக்கவில்லை, தனக்காக ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்லை. அவள் ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அவரு ஓடலையா?”

“இல்லம்மா.”

“வேற யாரோடயும் இல்லியா?”

“இல்லம்மா. அன்னிக்கே போயிட்டான்.”

“கடைசியா ஏதாவது சொன்னாராமா?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. “மாத்து ஆள் இன்னும் வரல, வந்துடுவான், வந்ததும் இறங்கறேன்னு சொன்னானாம். அந்த ஆள் நான்தாம்மா.”

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று ஆரம்பித்து அவளைக் கட்டிக்கொள்ள வந்தாள். அவள் கையால் தடுத்தாள்.

“இரு அண்ணி. அழுவறதுக்கு நாள் கெடக்கு. மனுஷன் செத்து பதினேழு வருஷம் ஆச்சு. ஒரு வருஷமாவது ஒரு இலை போட்டிருக்கேனா? காக்காவுக்கு ஒரு புடி சோறு வெச்சிருக்கேனா? எங்கயோ எவகிட்டயோ உக்காந்து வக்கணையாத் தின்னுக்கிட்டிருக்கான்னு தெனமும் திட்டினேனே!”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. நாங்கள் போகிறோம் என்று நான் சொன்னதற்கு, இருங்க என்று குரல் மட்டும் வந்தது. ஒரு மணி நேரம் வாசலில் காத்திருந்தோம். அவர் உட்காரவே இல்லை. சோறு, சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல், அப்பளம். கொல்லையில் வாழை இலை நறுக்கி வந்து, கூடத்தில் ஒரு இலை போட்டுப் படைத்து, கற்பூரம் காட்டி, ஒரு பிடி எடுத்துக் கூரைமேல் வைத்துக் காக்காவைக் கூப்பிட்டாள்.   பிறகு உள்ளே வந்து இன்னொரு இலை போட்டாள்.

“உக்காருங்க” என்றாள் அவரிடம்.

“வேணாம்மா. எனக்கு அந்த யோக்யதை இல்ல.”

“யோக்யதையை நான் கேக்கல. நீங்க வருவீங்கன்னுதானே அவரு பசியோட உக்காந்திருந்தாரு? இப்பத்தான் வந்திருக்கீங்க. உக்காந்து சாப்பிடுங்க.”

அவர் ஷூவைக் கழற்ற ரொம்ப நேரம் ஆயிற்று. உட்கார்ந்து, சோற்றில் கை வைத்தார். பிறகு சாப்பிட்டார். அவள் பக்கத்தில் நின்று பரிமாறினாள். போதுமா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இலை காலியாகக் காலியாக வைத்துக்கொண்டே இருந்தாள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.